யாருடைய வீட்டில்?

பெண்பிள்ளை ஒருத்தி படிப்புக்காக வெளிநாடு போகப்போகிறாள் என்ற பேச்சு எழுந்தால், நம் வீடுகளில் இரண்டு விதமான பதில்கள்தாம் வருகின்றன. ஒன்று, "மாஷா அல்லாஹ், புள்ள கெட்டிக்காரி" என்பது. மற்றது, "பொம்புளப் புள்ளய எப்புடித் தனிய அனுப்புற?" என்பது. இரண்டுமே பேச்சை முடித்துவிடுகிற பதில்கள். நடுவில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விடுகிறது. அவள் அங்கே யாருடைய வீட்டில் இருக்கப்போகிறாள்? அந்த வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்? இதை நாம் முறையாகக் கேட்பதில்லை என்பதே என் முறைப்பாடு.

பதினைந்து வயதிலிருந்து பதினெட்டரை வயது வரையான மாணவர்களை ஒரு கல்வியாண்டுக்கு அமெரிக்காவுக்கு வரவழைத்து, அங்குள்ள ஒரு குடும்பத்தோடு தங்கவைத்து, அந்த ஊர்ப் பாடசாலையிலேயே படிக்கவைக்கும் மாணவர் பரிமாற்றத் திட்டங்கள் பல உண்டு. இது புதிய ஏற்பாடும் அல்ல. முதலாம் உலகப் போரில் காயப்பட்டவர்களை அம்புலன்ஸ் வண்டிகளில் ஏற்றிய தொண்டர்கள் தொடங்கிய ஏ.எஃப்.எஸ். என்ற அமைப்பு, இரண்டாம் உலகப் போர் முடிந்த பிறகு, 1947ஆம் ஆண்டில் பாடசாலை மாணவர்களை இப்படிப் பரிமாறத் தொடங்கியது. போரைப் பார்த்தவர்களுக்குத்தான் இந்த யோசனை வந்திருக்கிறது என்பது கவனிக்கத்தக்கது. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னர், 2002 ஒக்டோபரில், முஸ்லிம்கள் அதிகமாக வாழும் நாடுகளின் மாணவர்களுக்கென்றே அமெரிக்க அரசின் செலவில் இன்னொரு திட்டம் உருவாக்கப்பட்டது. எட்வர்ட் கென்னடி, ரிச்சர்ட் லூகர் என்ற இரண்டு செனட்டர்களின் பெயரைத் தாங்கிய அது சுருக்கமாக 'யெஸ்' எனப்படுகிறது. இந்தோனேசியா, பாகிஸ்தான், ஜோர்தான், கானா என்று பல நாடுகளிலிருந்து நம் வயதுப் பிள்ளைகள் அதன்மூலம் போய்வந்திருக்கிறார்கள். அவர்களில் பெண்பிள்ளைகள் நிறையப் பேர்.

இந்தப் பிள்ளைகளை வைத்துப் பார்க்கும் குடும்பத்தை 'ஹோஸ்ட் ஃபாமிலி' என்கிறார்கள். தமிழில் விருந்தோம்பும் குடும்பம் என்று பெயர்க்கலாம். எனக்கு அந்தப் பெயரில் திருப்தி இல்லை. விருந்தாளியின் உரிமை மூன்று நாட்கள், அதற்கு மேல் கொடுப்பது தர்மம் என்று ஹதீஸில் படித்திருக்கிறோம். இங்கே பேச்சு பத்து மாதங்களைப் பற்றியது. பத்து மாதம் யாரும் விருந்தாளியாக இருக்க முடியாது. முதல் வாரத்தில் "நீ உட்கார், நான் எடுத்துத் தருகிறேன்" என்ற வீட்டார், இரண்டாம் மாதத்தில் "இன்று பாத்திரம் கழுவுவது உன் முறை" என்று சொல்லியாக வேண்டும். சொல்லாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். ஆகவே நான் 'ஏற்ற குடும்பம்' என்றே எழுதுகிறேன்.

அந்த வீட்டில் அவளுக்கு வரும் சிரமங்களை நாம் இங்கிருந்து பெரிய பெரிய சொற்களில் கற்பனை செய்கிறோம். கலாசாரச் சீரழிவு, வழிகேடு என்றெல்லாம். உண்மையில் அவை மிகச் சின்ன விடயங்களாகவே வந்து சேர்கின்றன. வீட்டுக்காரப் பெண்மணியை எப்படிக் கூப்பிடுவது? அங்கே பெரியவர்களைப் பெயர் சொல்லி அழைப்பது வழக்கம். மாமி, சாச்சி, ராத்தா என்று ஒரு முறை வைக்காமல் யாரையுமே கூப்பிட்டுப் பழகாத பிள்ளைக்குத் தன் உம்மாவின் வயதுள்ள ஒருவரைப் பெயர் சொல்லி அழைக்க நாக்கு எழும்பாது. சிலர் 'மம்' என்றே அழைத்துக்கொள்கிறார்கள். அதுவும் சொந்த உம்மாவுக்கு ஏதோ துரோகம் செய்வது போலத் தோன்றலாம்.

பிறகு சாப்பாடு. பன்றி இறைச்சி வேண்டாம் என்று சொன்னால் வீட்டார் உடனே விளங்கிக்கொள்வார்கள். ஆனால், டின்னில் வரும் அவரையில் ஒரு துண்டு பன்றிக் கொழுப்பு கிடக்கலாம், பீட்ஸாவில் போடும் பெப்பரோனி பெரும்பாலும் பன்றி கலந்தது, ஜெலி மிட்டாயில் ஜெலட்டின் இருக்கிறது என்பதையெல்லாம் அவர்கள் யோசித்தே பார்த்திருக்க மாட்டார்கள். பொதியின் பின்பக்கத்தை வாசிக்கும் பழக்கத்தை அந்தப் பிள்ளைதான் வீட்டாருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். "இதை நான் சாப்பிட மாட்டேன்" என்பதை முகம் சுளிக்காமல், மன்னிப்புக் கேட்பது போலவும் இல்லாமல் சொல்லத் தெரிய வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு அது தெரியும்? நம் வீட்டில் நமக்காக யாரோ ஏற்கெனவே தெரிவு செய்து சமைத்துவிடுகிறார்கள்.

தொழுகை இன்னொன்று. வடக்கு மாநிலங்களில் டிசம்பர் மாதம் மாலை நாலரை மணிக்கெல்லாம் மஃரிப் ஆகிவிடும். ளுஹர் பாடசாலை நேரத்தில் வரும், அஸர் சில நாட்களில் பஸ்ஸுக்குள் வரும். இங்கே நம் கல்லூரியில் மணி அடித்தால் எல்லோரும் சேர்ந்து தொழுகிறோம். அங்கே மணி அடிக்காது. ஒரு ஆசிரியரிடம் போய், பத்து நிமிடமும் ஒரு மூலையும் தாருங்கள் என்று அவளேதான் கேட்க வேண்டும்.

நாயைப் பற்றி எழுதாவிட்டால் என் வகுப்புத் தோழிகள் கோபித்துக்கொள்வார்கள். அமெரிக்க வீடுகளில் நாய் வாசலில் கட்டிக்கிடப்பதில்லை. சோபாவில் படுக்கிறது, சில வீடுகளில் கட்டிலிலும் படுக்கிறது. ஷாபிஈ மத்ஹபில் வளர்ந்த நமக்கு, அதன் எச்சில் பட்டால் ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்து, கழுவ வேண்டும். தொழுகைக்கு ஓர் இடமும் உடுப்பும் சுத்தமாக இருக்க வேண்டுமென்றால் இது சிரிக்கும் விடயம் அல்ல. ஆனால் தீர்க்க முடியாத விடயமும் அல்ல. வீட்டில் நாய் உண்டா, அது பிள்ளையின் அறைக்குள் வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா என்று முன்கூட்டியே கேட்கலாம்.

கேட்கலாம் என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும் நான் சொல்ல வருவது. அமெரிக்காவில் இந்தத் திட்டங்களுக்குச் சட்ட விதிகளே இருக்கின்றன. ஏற்ற குடும்பத்துக்குச் சம்பளம் கிடையாது. காசுக்காகப் பிள்ளையை வைத்துக்கொள்ளக் கூடாது என்பதே நோக்கம். வீட்டில் உள்ள பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொருவர் மீதும் குற்றப் பதிவு ஏதும் உண்டா என்று பார்க்கிறார்கள். நேரில் போய் வீட்டைப் பரிசோதிக்கிறார்கள். பிள்ளைக்குத் தனிக் கட்டில் வேண்டும், மடித்து விரிக்கும் சோபாவோ காற்றடைத்த மெத்தையோ ஆகாது. அறையைப் பகிர்வதானால் தன் பாலினத்தைச் சேர்ந்த பிள்ளையோடு மட்டுமே. உள்ளூர்ப் பொறுப்பாளர் ஒருவர் மாதம் ஒருமுறையாவது பிள்ளையோடு பேச வேண்டும். ஒத்துவராவிட்டால் வேறு வீட்டுக்கு மாற்றுவார்கள், அப்படி மாறுவது வெட்கப்படும் விடயமாகவும் கருதப்படுவதில்லை.

விதி இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை. விதியை மீறியவர்களும் இருப்பார்கள். ஆனால் கட்டிலைப் பற்றிக்கூட ஒரு விதி எழுதியிருக்கிறார்கள் என்றால், யாரோ ஒருவர் உட்கார்ந்து, "இது என் மகளாக இருந்தால்?" என்று யோசித்திருக்கிறார் என்று அர்த்தம்.

மஹ்ரம் இல்லாத பயணம் பற்றிய கேள்வி உண்டு. அதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. தீர்ப்புச் சொல்ல நான் தகுதியானவள் அல்லள். அந்தக் காரணத்துக்காக ஒரு வாப்பா வேண்டாம் என்று சொன்னால் அது மதிக்கப்பட வேண்டிய முடிவு. நான் மறுப்பது வேறொன்றை. பிற மதத்தவரின் வீட்டில் இருந்தாலே பிள்ளையின் ஈமான் போய்விடும் என்ற பேச்சை. மக்காவில் இருக்க முடியாமல் போனபோது நபி (ஸல்) அவர்கள் தம் தோழர்களை முதலில் அனுப்பியது ஒரு கிறிஸ்தவ மன்னரின் நாட்டுக்கு. அபீசீனியாவின் நஜ்ஜாஷி மன்னரிடம் அநியாயம் நடக்காது என்ற நம்பிக்கையில் போனவர்களில் பெண்களும் இருந்தார்கள். நபியவர்களின் மகள் ருகையா (ரழி) அவர்களும் அங்கே போனார்கள். மன்னரின் சபையில் ஜஃபர் (ரழி) அவர்கள் சூரா மர்யமை ஓதிக்காட்டிய அந்த வரலாற்றை நமக்கு அறிவித்துத் தந்தவர் உம்மு ஸலமா (ரழி) அவர்கள். அந்நியர் நாட்டில் இருந்து, பார்த்து, நினைவில் வைத்துத் திரும்பிவந்து சொன்னவர் ஒரு பெண். இஸ்லாமிய வரலாறு பாடத்தில் இதைப் படித்துப் புள்ளியும் எடுக்கிறோம். வீட்டுக்கு வந்தால் மறந்துவிடுகிறோம்.

இனி, எழுதக் கஷ்டமான பகுதி.

ஸபீகா ஷேக் கராச்சியைச் சேர்ந்தவள். யெஸ் திட்டத்தில் தெரிவாகி டெக்ஸாஸ் மாநிலத்தின் சான்டா ஃபே என்ற சிறிய ஊருக்குப் போனாள். அவளை ஏற்ற குடும்பம் ஆழ்ந்த பற்றுள்ள கிறிஸ்தவக் குடும்பம். அந்த வீட்டில் அவள் வயதையொத்த ஒரு மகள் இருந்தாள். இருவரும் ஒரே பாடசாலைக்குப் போனார்கள், சகோதரிகள் போல ஆனார்கள். தன் நாட்டை அங்குள்ளவர்கள் சரியாக அறிந்துகொள்ள வேண்டும், அதற்காகவே வந்தேன் என்று அந்த வீட்டுத் தாயிடம் சொல்லியிருக்கிறாள். 2018இல் ரமழான் வந்தபோது அந்தக் குடும்பமும் அவளோடு சேர்ந்து நோன்பிருந்தது. வீடு திரும்ப அவளுக்குச் சில வாரங்களே இருந்தன. ரமழானின் இரண்டாம் நாள், மே 18ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலை, அதே பாடசாலை மாணவன் ஒருவன் துப்பாக்கியோடு வகுப்பறைக்குள் நுழைந்தான். எட்டு மாணவர்களும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். ஸபீகா அவர்களில் ஒருத்தி. அவளுக்கு வயது பதினேழு. ஹூஸ்டன் பகுதியில் நடந்த ஜனாஸாத் தொழுகைக்கு அவளை ஏற்ற குடும்பமும் வந்து நின்றது.

எனக்கும் பதினேழு வயது. அவளைப் பற்றி முதலில் வாசித்த அன்று, இதை உம்மாவிடம் சொல்லக் கூடாது என்றுதான் தோன்றியது. சொன்னால் "பாத்தியா?" என்ற ஒரே சொல்லில் எல்லாம் முடிந்துவிடும். ஆனால் திரும்பத் திரும்ப யோசிக்கும்போது ஒன்று தெளிவாகிறது. இப்படியொரு பிள்ளையை அனுப்பும்போது நம் ஆட்கள் எதையெல்லாம் பயப்படுவார்கள்? கிறிஸ்தவ வீடு, தொழுகை விட்டுப்போகும், நோன்பு விட்டுப்போகும், பிள்ளை மாறிவிடும். அவற்றில் ஒன்றுமே நடக்கவில்லை. அந்த வீடு அமானிதத்தைக் காப்பாற்றியது. நோன்போடு இருந்த பிள்ளையை எடுத்துக்கொண்டது, நம் பயங்களின் பட்டியலில் இல்லாத ஒன்று. அவன் கொண்டுவந்த துப்பாக்கிகள் அவனுடைய தந்தையின் உடைமை. அதாவது அவையும் ஒரு வீட்டிலிருந்து வந்தவைதாம்.

இதற்கு முன்னரும் நடந்திருக்கிறது. 1992 ஒக்டோபரில் லூசியானா மாநிலத்தில் யொஷிஹிரோ ஹத்தோரி என்ற பதினாறு வயது ஜப்பானிய மாணவன், தன்னை ஏற்ற வீட்டுப் பையனோடு ஒரு விருந்துக்குப் போகும் வழியில், விலாசம் மாறி வேறொரு வீட்டுக் கதவைத் தட்டியதற்காகச் சுடப்பட்டு இறந்தான். அவனுடைய பெற்றாரும் அவனை ஏற்ற குடும்பமும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொள்ளவில்லை. சேர்ந்து நின்று துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்காகப் போராடினார்கள். அது மட்டுமன்றி, அமெரிக்கப் பிள்ளைகள் ஜப்பானுக்கு வந்து இப்படியே ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்க மகன் பெயரில் ஒரு நிதியம் தொடங்கினார்கள். ஸபீகாவின் வாப்பாவும், இதற்காகப் பிள்ளைகள் வெளிநாட்டுக் கல்வியைக் கைவிடக் கூடாது என்றே சொன்னார். அந்த நிலையில் அப்படிச் சொல்ல எவ்வளவு தைரியம் வேண்டும் என்று என்னால் அளக்க முடியவில்லை. ஆனால், அவர் சொன்னதை வைத்து ஆபத்தே இல்லை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. அமெரிக்காவில் ஒரு வீட்டைப் பற்றிக் கேட்கும்போது, "துப்பாக்கி உண்டா, எங்கே பூட்டி வைத்திருக்கிறீர்கள்?" என்பதும் கேட்க வேண்டிய கேள்விதான். பன்றி இறைச்சியைப் பற்றிக் கேட்கும் அதே வாயால் அதையும் கேட்க வேண்டும்.

"அதெல்லாம் அமெரிக்காக் கதை, நம்ம ஊர்ல பொம்புளப் புள்ளய அந்நியர் வீட்டுக்கு அனுப்ப மாட்டம்" என்று சொல்வோருக்கு ஒரு பெயரை நினைவுபடுத்த வேண்டியிருக்கிறது. மூதூரைச் சேர்ந்த ரிஸானா நபீக். 2005இல் கடவுச்சீட்டில் பிறந்த ஆண்டை மாற்றி, வயதைக் கூட்டி, சவூதி அரேபியாவில் ஒரு வீட்டுக்கு வேலைக்காக அனுப்பப்பட்டபோது அவளுக்கும் பதினேழு வயதுதான். போய்ச் சில வாரங்களுக்குள் அவளுடைய பொறுப்பில் விடப்பட்டிருந்த ஒரு கைக்குழந்தை இறந்துபோனது. 2013 ஜனவரி 9ஆம் திகதி அவளுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது.

அந்த வழக்கைப் பற்றி நான் எழுத வரவில்லை. வறுமை அனுப்பிய பிள்ளையையும் புலமைப்பரிசில் அனுப்பிய பிள்ளையையும் ஒன்றாக வைக்க முடியாது என்பதும் தெரியும். ஆனால் அவளுக்குத் தனிக் கட்டில் உண்டா என்று யார் கேட்டார்கள்? மாதம் ஒருமுறை அவளோடு தமிழில் பேச யார் இருந்தார்கள்? ஒத்துவராவிட்டால் வேறு வீட்டுக்கு மாறலாம் என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்? அந்த வீடு முஸ்லிம் வீடு என்பதால் நமக்குக் கேட்க ஒன்றும் இல்லாமல் போயிற்றா? படிக்கப் போகும் பிள்ளையிடம் ஆயிரம் கேள்வி கேட்கிற அதே சமூகம், வேலைக்குப் போகும் பிள்ளையிடம் ஒன்றுமே கேட்கவில்லை. நம் பயத்துக்கும் மார்க்கத்துக்கும் இடையில் எங்கோ வசதியும் வந்து உட்கார்ந்துகொள்கிறது என்று எழுதினால் பெரியவர்கள் என்னோடு கோபிக்கக் கூடாது.

இவ்வளவு தூரம் போக வேண்டியதும் இல்லை. உயர்தர வகுப்புக்காக வெளியூரிலிருந்து வந்து, அறிமுகமில்லாத ஒரு வீட்டில் போடிங் இருக்கும் பிள்ளைகள் நம்மிடையே இருக்கிறார்கள். மாதம் எவ்வளவு, சாப்பாடு உண்டா, வகுப்புக்கு எவ்வளவு தூரம் என்பவை விசாரிக்கப்படும். அறைக் கதவுக்கு உள்பூட்டு உண்டா என்பது? வீட்டுக்கு யார் யார் வந்துபோவார்கள் என்பது? அதைக் கேட்டால் வீட்டுக்காரர் குறைவாக நினைத்துக்கொள்வார் என்று நம் பெற்றார் கூச்சப்படுகிறார்கள். குறைவாக நினைப்பவருடைய வீட்டில் பிள்ளையை ஏன் வைக்க வேண்டும் என்பது என் கேள்வி.

பரிமாற்றம் என்ற சொல்லுக்கு இரண்டு பக்கம் உண்டு. அனுப்பலாமா கூடாதா என்றுதான் நாம் பேசுகிறோம். வருகிற பிள்ளையை ஏற்பதைப் பற்றிப் பேசுவதே இல்லை. 2009 முதல் யெஸ் திட்டம் அமெரிக்கப் பிள்ளைகளையும் இந்தோனேசியா, ஜோர்தான், மொரோக்கோ போன்ற நாடுகளுக்கு அனுப்பத் தொடங்கியது. அங்கே முஸ்லிம் குடும்பங்கள் அவர்களை ஏற்று, ஸஹருக்கு எழுப்பி, பெருநாளுக்கு உடுப்பு எடுத்துக் கொடுத்து, பத்து மாதம் வைத்துப் பார்த்திருக்கின்றன. மதீனாவின் அன்ஸாரிகளைப் பற்றி மீலாத் மேடையில் பேசிப் பரிசு வாங்குகிறவர்கள் நாம். வீட்டைப் பாதியாகப் பகிர்ந்தவர்கள் அவர்கள்.

ஆகவே ஒரு நாள் இடைவேளையில் என் வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். டெக்ஸாஸிலிருந்து ஒரு பெண்பிள்ளை, முஸ்லிம் அல்லாதவள், பத்து மாதத்துக்கு வருகிறாள். உங்கள் வீட்டில் ஏற்பீர்களா? முதலில் எல்லோரும் "ஓ, வரட்டுமே" என்றார்கள். பிறகு கணக்குப் பார்க்கத் தொடங்கினார்கள். ஒருத்தியின் வீட்டில் நானா இருக்கிறார், ஒரே குளியலறை. இன்னொருத்தியின் வீட்டில் அறை உண்டு, ஆனால் அதில் உம்மாவின் தையல் மெஷினும் வாடிக்கையாளர்களின் துணியும். "உம்மும்மா சம்மதிக்க மாட்டா, ஆனா வந்தா அவதான் கூட இரக்கம் காட்டுவா" என்றாள் ஒருத்தி. அந்தப் பிள்ளை முக்காடு போட வேண்டுமா, அவள் தன் அறையில் தன் முறைப்படி பிரார்த்திக்கலாமா, ஞாயிற்றுக்கிழமை சேர்ச்சுக்கு யார் கூட்டிப்போவது என்று வாதம் வந்தது. கூட்டிப்போகலாம் என்றவர்களும் வாசல் வரை மட்டும் என்றவர்களும் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். கராச்சிப் பிள்ளையை ஏற்கும் முன் டெக்ஸாஸில் அந்த வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் இதே வாதங்கள் நடந்திருக்கக்கூடும் என்று அப்போது நினைத்தேன்.

மணி அடித்துவிட்டது. தையல் மெஷின் வீட்டுக்காரி மட்டும் வகுப்புக்குள் போகும்போதும் கேட்டுக்கொண்டே வந்தாள்: "மெஷின ஹோலுக்கு எடுத்தா ஒரு கட்டில் போடலாம். ஆனா அவக்கு நம்ம உறைப்பு ஒத்துவருமா?"